ஓபிஆர், விலைவாசி, இபிஎப்: ஓய்வுக்காலக் கணக்கை நாமே போடுவது எப்படி?

அப்பாவின் அலமாரியை ஒழித்தபோது ரப்பர் பேண்டு போட்ட 555 நோட்டுகள் ஒரு கட்டு கிடைத்தன. சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சின்ன நோட்டு மலேசியாவில் எல்லாருக்கும் தெரியும். மளிகைக் கடைக்காரர் கடன் எழுதியது அதில்தான், அப்பா அன்றாடச் செலவு எழுதியதும் அதில்தான். 2007-ஆம் ஆண்டு நோட்டில் ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: "தே தாரேக் 1.20. தோசை 2க்கு 2.00." செந்தூலில் அவர் குடித்த அதே கடையில் இன்று தே தாரேக் 2.50. கண்ணாடி டம்ளர் மட்டும் கொஞ்சம் சிறுத்திருக்கிறது.

ஏறக்குறைய 18 ஆண்டுகளில் விலை இரண்டு மடங்கு. எத்தனை விழுக்காடு ஏறினால் இப்படி ஆகும் என்று பார்க்க ஒரு பழைய குறுக்கு வழி உண்டு: 72-ஐ ஆண்டுகளால் வகுக்க வேண்டும். 72-ஐ 18-ஆல் வகுத்தால் 4. ஆக, அப்பாவின் தே தாரேக் ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏறியிருக்கிறது. அதே காலத்தில் நாட்டின் அதிகாரபூர்வப் பணவீக்கத்தின் சராசரி 2 விழுக்காட்டைக் கொஞ்சம் தாண்டியதுதான். இந்த இடைவெளியில்தான் பலருடைய ஓய்வுக்காலக் கணக்கு கவிழ்கிறது. ஓபிஆர், அதாவது பேங்க் நெகாராவின் வட்டி விகிதம், ஏறியதா இறங்கியதா என்று நாம் பேசுகிற அளவுக்கு இதைப் பேசுவதில்லை.

கோலாலம்பூரில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், 50-ஐத் தாண்டி "இனி எப்படி ஓட்டுவது" என்று யோசிக்கிறவர்கள், இவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஒரு நோட்டும் கால்குலேட்டரும் போதும்.

படி 1: உங்கள் வீட்டுப் பணவீக்கத்தைக் கண்டுபிடியுங்கள்

புள்ளிவிவரத் துறை மாதாமாதம் வெளியிடும் எண், நாடு முழுவதும் உள்ள குடும்பங்களின் செலவைச் சராசரியாக்கியது. அந்தக் கூடையில் உணவுக்கும் பானத்துக்கும் ஏறக்குறைய 30 விழுக்காடு இடம். துணிமணி, தொலைபேசி, வீட்டுச் சாமான் எல்லாம் அதே கூடையில்தான் இருக்கின்றன. 2024-இல் அந்த எண் 1.8, 2023-இல் 2.5, 2022-இல் 3.3. தப்பில்லாத எண்தான். ஆனால் 65 வயதில் புதுச் சட்டையும் புது போனும் எத்தனை முறை வாங்கப் போகிறீர்கள்? அந்த வயதில் காசு போவது பசாருக்கும் மருந்துக்கும் வீட்டுப் பில்லுக்கும்தான். வேகமாக ஏறுகிற சாமான்கள்தான் உங்கள் கூடையில் கனமாக இருக்கும்.

ஆகவே மூன்று மாதம் செலவை எழுதுங்கள். கைப்பேசியிலும் எழுதலாம், 555 நோட்டு என்றால் இன்னும் நல்லது. ஐந்தே தலைப்பு போதும்: பசார் மற்றும் சாப்பாடு, வீடு மற்றும் பில், மருந்து மற்றும் காப்புறுதி, வண்டி, மற்றவை. கோயில், கல்யாண மொய், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் "மற்றவை"யில் வரட்டும். அதை மறைக்காதீர்கள். நம்மவர்கள் வீட்டில் அந்தத் தலைப்புதான் ஆளை விழுங்கும்.

அப்புறம் ஒவ்வொரு தலைப்புக்கும் சில ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பில்லைத் தேடி எடுத்து ஒப்பிடுங்கள். பழைய காப்புறுதிக் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை, எது கிடைத்தாலும் சரி. தோராயமான எண் வந்தாலே போதும். என் வீட்டுக்கு 4 வந்தது. உங்களுக்கு 3 வரலாம், 5-உம் வரலாம். இனி வரும் எல்லாக் கணக்கிலும் இந்த எண்ணைத்தான் போட வேண்டும்.

படி 2: ஓபிஆர் எதைத் தொடும், எதைத் தொடாது

நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 1959-இல் தொடங்கப்பட்டது. வங்கிகள் தங்களுக்குள் ஓர் இரவுக்குக் கடன் கொடுத்து வாங்குகிற வட்டிக்கு அது குறித்து வைக்கும் விகிதம்தான் ஓபிஆர். இந்த முறை 2004-இல் வந்தது. அதன் நாணயக் கொள்கைக் குழு ஆண்டுக்கு ஆறு முறை கூடும், முடிவு பிற்பகல் 3 மணிக்கு வரும். கோவிட் காலத்தில், 2020 ஜூலையில், 1.75 வரை இறக்கினார்கள். 2022 மே மாதத்திலிருந்து படிப்படியாக ஏற்றி 2023 மே மாதத்தில் 3.00-இல் நிறுத்தினார்கள். 2025 ஜூலையில் 2.75 ஆனது.

வட்டியை ஏற்றினால் விலைவாசி அடங்கும் என்பது பாடப்புத்தகம். கடன் வாங்குவது குறையும், செலவு குறையும், கடைக்காரர் விலையை ஏற்றத் தயங்குவார். மலேசியாவில் அது பாதி உண்மைதான் என்பது என் கருத்து. ஒரு சாட்சி சொல்கிறேன். 2008 ஜூனில் பெட்ரோல் விலை ஒரே நாளில் லிட்டருக்கு 1.92 ரிங்கிட்டிலிருந்து 2.70-க்குப் போனது. ஜூலையில் பணவீக்கம் 8.5 விழுக்காடு. பேங்க் நெகாரா என்ன செய்தது? ஓபிஆரை 3.50-இலேயே வைத்திருந்தது, அந்த ஆண்டு நவம்பரில் குறைக்கவும் செய்தது. உலகப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த நேரம் அது. பெட்ரோல் மானியத்தைக் குறைத்ததால் வந்த விலையேற்றத்தை வட்டியால் இறக்க முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று அரிசி. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி வெள்ளை அரிசி டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ஆனது. உள்ளூர் அரிசி 10 கிலோ 26 ரிங்கிட் என்ற கட்டுப்பாட்டு விலையில் இருந்ததால் அது கடைத் தட்டிலிருந்தே காணாமல் போனது. கோலாலம்பூரில் எந்த வட்டி விகிதத்தை எங்கே வைத்தாலும் அந்த மூட்டை திரும்பி வந்திருக்காது.

இதனால்தான், விலைவாசி எங்கே போகும் என்று தெரிய வேண்டுமானால் ஓபிஆர் செய்தியோடு புத்ராஜெயாவின் மானியச் செய்தியையும் படியுங்கள் என்கிறேன். 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் 2.15-லிருந்து 3.35 ஆனது. 2024 மார்ச்சில் சேவை வரி 6-லிருந்து 8 விழுக்காடானது. 2025 செப்டம்பர் கடைசியில் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் 1.99 ஆனது. உங்கள் பட்ஜெட்டில் இவை உடனே தெரியும்.

அப்படியானால் ஓபிஆர் எதைத் தொடுகிறது? உங்கள் கடன் தவணை, உங்கள் வைப்புத்தொகை வட்டி, ரிங்கிட்டின் மதிப்பு, இபிஎப் எனும் ஊழியர் சேமநிதி வைத்திருக்கும் பத்திரங்களின் விலை. அடுத்த படிகள் அவற்றைப் பற்றியவை.

படி 3: கடனை முதலில் பாருங்கள்

வீட்டுக் கடன் இருந்தால் ஓபிஆர் மாறிய சில வாரங்களில் வங்கியிலிருந்து கடிதம் வரும். 2022 ஆகஸ்டுக்குப் பிறகு வாங்கிய கடன்கள் பெரும்பாலும் தரநிலை அடிப்படை விகிதத்தோடு கட்டப்பட்டவை. அது ஓபிஆரோடு நேராக ஏறி இறங்கும். பிஎல்ஆர் என்ற பழைய அடிப்படைக் கடன் விகிதத்தோடு கட்டப்பட்ட கடன்களும் சேர்ந்தே நகர்கின்றன. 30 ஆண்டுக்கு 3 லட்சம் ரிங்கிட் கடன் என்றால், ஓபிஆர் கால் விழுக்காடு நகரும்போது தவணை மாதம் ஏறக்குறைய 43 ரிங்கிட் மாறும். 1.75-லிருந்து 3.00 வரை ஏறியபோது அதே கடனுக்கு மாதம் 200 ரிங்கிட்டுக்கு மேல் கூடியது. கார் கடன் பெரும்பாலும் நிலையான வட்டி, அதை இது தொடாது.

ஒரு காரியம் செய்யுங்கள். வட்டி இறங்கித் தவணை குறைந்தால், பழைய தவணையையே தொடர்ந்து கட்டுங்கள். கூடுதல் தொகை அசலில் கழிய வேண்டும் என்று வங்கியிடம் சொல்லி, அப்படித்தான் கழிகிறதா என்று பாருங்கள். சில வங்கிகளில் சொல்லாவிட்டால் முன்பணமாகவே கிடக்கும். 60 வயதில் வேலையை விடும்போது வீட்டுக் கடன் இன்னும் இருந்தால் கீழே வரும் எந்தக் கணக்கும் நிற்காது.

படி 4: நிரந்தர வைப்பும் ரிங்கிட்டும்

ஓய்வு பெற்றவருக்கு ஓபிஆர் இறங்குவது நல்ல செய்தி இல்லை. மகன் வீட்டுத் தவணை குறைந்ததென்று சிரிப்பான், அம்மாவின் எஃப்டி (நிரந்தர வைப்பு) வட்டி குறைந்திருக்கும். ஒரு லட்சம் ரிங்கிட்டுக்குக் கால் விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 250 ரிங்கிட். அதைவிடப் பெரிய விஷயம், 3 விழுக்காடு வட்டி வாங்கி, வீட்டுப் பணவீக்கம் 4 என்றால் ஆண்டுக்கு 1 விழுக்காடு தேய்ந்துகொண்டே போகிறீர்கள். வங்கிப் புத்தகத்தில் எண் ஏறுவதால் அது தெரிவதில்லை. பிஐடிஎம் எனும் வைப்புக் காப்புறுதிக் கழகத்தின் காப்பு ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 2,50,000 ரிங்கிட் வரை உண்டு, பணம் பத்திரம்தான். ஆறு மாதம் முதல் ஓராண்டுச் செலவுக்கான பணம் மட்டும் எஃப்டியில் இருந்தால் போதும்.

ரிங்கிட் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சிலிருந்து 2023 ஜூலைக்குள் வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டிய நிலையிலிருந்து 5.25–5.50-க்குக் கொண்டுபோனது. அப்போது நம் ஓபிஆர் 3.00. அதிக வட்டி கிடைக்கும் இடத்துக்குப் பணம் ஓடியது. 2024 பிப்ரவரியில் ஒரு டாலருக்கு 4.80 ரிங்கிட் வரை போனது. செப்டம்பரில் அமெரிக்கா வட்டியைக் குறைத்தது, அதை ஒட்டி 4.12 அளவுக்கு வந்தது. பிள்ளை வெளிநாட்டில் படிப்பவர்களுக்கு இது பெரிய அடி. மற்றவர்களுக்கு இறக்குமதிப் பருப்பிலும் மருந்திலும் மெதுவாக வந்து சேரும்.

தங்கம் வாங்கலாமா என்று கேட்பீர்கள். ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் வாங்கும் நகையில் செய்கூலியும், விற்கும்போது கழிவும் உண்டு. கல்யாணத்துக்கு வாங்குங்கள். ஓய்வுக்கால முதலீடு என்ற பெயரில் வாங்குவதாக இருந்தால் செய்கூலி அதிகமில்லாத கட்டியாக, மொத்தச் சேமிப்பில் சிறு பகுதியாக இருக்கட்டும்.

படி 5: இபிஎப்பை அதன் இடத்தில் விட்டு வையுங்கள்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஊழியர் சேமநிதி 1951-இல் தொடங்கியது. வழக்கமான சேமிப்புக் கணக்குக்குச் சட்டப்படி குறைந்தபட்சம் 2.5 விழுக்காடு லாப ஈவு உறுதி. உண்மையில் கொடுத்தது அதைவிட அதிகம்: 2020-இல் 5.20, 2021-இல் 6.10, 2022-இல் 5.35, 2023-இல் 5.50, 2024-இல் 6.30. கோவிட் ஆண்டிலும் 5-க்குக் கீழே போகவில்லை. உங்கள் வீட்டுப் பணவீக்கம் 4 ஆக இருந்தாலும் இந்த எண்கள் அதைத் தாண்டுகின்றன. சாதாரணத் தொழிலாளிக்கு இந்த நாட்டில் இவ்வளவு பத்திரமாக இதைத் தரும் வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. ஏஎஸ்எம் (அமானா சஹாம் மலேசியா) போன்ற நிலை விலை யூனிட்கள் எல்லா மலேசியர்களுக்கும் உண்டு, ஆனால் யூனிட் காலியாக இருக்கும்போதுதான் வாங்க முடியும்.

2024 மே 11 முதல் 55 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் சந்தா மூன்றாகப் பிரிகிறது: ஓய்வுக் கணக்குக்கு 75, செஜாத்ரா எனும் நலக் கணக்குக்கு 15, பிளெக்சிபலுக்கு 10 விழுக்காடு. பிளெக்சிபலிலிருந்து எப்போதும் எடுக்கலாம் என்பதால் மாதாமாதம் துடைத்து எடுக்கும் பழக்கம் பலருக்கு வந்துவிட்டது. கோவிட் காலத்தில் சிறப்பு அனுமதிகளில் மொத்தம் 145 பில்லியன் ரிங்கிட் வெளியே போனது. அன்று பசிக்கு எடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இன்று கார் ரிம் மாற்றுவதற்கு எடுப்பது வேறு கதை.

55 வயதில் முழுத் தொகையையும் எடுத்துவிட வேண்டும் என்ற நினைப்பு நம்மிடையே இன்னும் இருக்கிறது. எங்கள் பிளாட்டில் ஓர் அண்ணன் அப்படித்தான் எடுத்தார். ஒரு பகுதியில் மகளின் கல்யாணம், ஒரு பகுதி "மாதம் 5 விழுக்காடு தருகிறோம்" என்று வந்த ஓர் ஆளிடம். முதல் நான்கு மாதம் பணம் வந்தது. ஐந்தாவது மாதம் அந்த ஆளின் போன் எண் வேலை செய்யவில்லை. மாதம் 5 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 60. இபிஎப்பே 6 தருகிற நாட்டில் 60 எங்கிருந்து வரும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. பேங்க் நெகாராவும் பங்குச் சந்தை ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல் வைத்திருக்கின்றன, பணம் கொடுக்குமுன் அதில் பெயரைத் தேடுங்கள். பட்டியலில் இல்லை என்பதால் நல்லவர் என்று அர்த்தமில்லை. நம்மவர்கள் கட்டுகிற கூட்டுச் சீட்டுக்கும் இது பொருந்தும். அதைத் தடை செய்யும் சட்டம் 1971-லிருந்தே இருக்கிறது. பணம் போனால் புகார் கொடுப்பதுகூடச் சங்கடம்.

55 ஆனாலும் எடுக்காமல் விடலாம். 100 வயது வரை லாப ஈவு சேரும். தேவைப்படும்போது பகுதி பகுதியாகவோ மாதாமாதமோ எடுக்கலாம். 55-க்குப் பிறகும் வேலை செய்தால் அந்தச் சந்தா எமாஸ் கணக்கில் சேரும், அதை 60-இல் எடுக்கலாம்.

சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு: நாசி லெமாக் கடை, டாக்சி, தையல், எதுவானாலும் இபிஎப்பின் ஐ-சாரான் என்ற விருப்பச் சேமிப்புத் திட்டத்தில் சேருங்கள். 2025 முதல் நீங்கள் போடுவதற்கு அரசு 20 விழுக்காடு, ஆண்டுக்கு அதிகபட்சம் 500 ரிங்கிட் தருகிறது. 2,500 போட்டால் 500 கிடைக்கும். மாதம் 210 ரிங்கிட் அளவுதான் வருகிறது. விருப்பச் சந்தாவாக ஆண்டுக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை போடலாம்.

படி 6: இப்போது பெரிய கணக்கு

60 வயதில் இபிஎப்பில் 2,40,000 ரிங்கிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 வீதம் 20 ஆண்டு என்று கணக்குப் போட்டு இபிஎப் பல ஆண்டுகள் சொல்லி வந்த அடிப்படைச் சேமிப்பு இதுதான், அவர்கள் சொன்னது 55 வயதுக்கு. லாப ஈவு ஆண்டுக்கு 5.5 என்று எடுத்துக்கொள்கிறேன். மாதம் 1,500 எடுக்கப் போகிறீர்கள்.

விலை ஏறவே ஏறாது என்று நினைத்தால் பணம் 23 ஆண்டுக்கு மேல் தாங்கும். 83 வயது. பரவாயில்லை என்று தோன்றும்.

இப்போது ஆண்டுக்கு 3 விழுக்காடு விலை ஏறுகிறது, அதே வாழ்க்கையை வாழ நீங்களும் ஆண்டுதோறும் 3 விழுக்காடு கூட எடுக்கிறீர்கள். பத்து ஆண்டு கழித்து மாதம் 2,016 தேவை. பணம் 16 ஆண்டில் தீரும். 76 வயது.

வீட்டுப் பணவீக்கம் 4 என்றால் 15 ஆண்டுதான். 75 வயதில் கணக்கு காலி.

பணமும் அதுதான், லாப ஈவும் அதுதான். மாறியது படி 1-இல் எழுதிய அந்த ஒரு எண் மட்டும். இதை ஒருமுறை உங்கள் கையாலேயே போட்டுப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும்: மீதியை 1.055-ஆல் பெருக்குங்கள், அந்த ஆண்டு எடுத்ததைக் கழியுங்கள், அடுத்த ஆண்டுக்கு எடுக்கும் தொகையை 1.04-ஆல் பெருக்குங்கள். துல்லியமாக இல்லாவிட்டாலும் நிலைமை புரியும்.

பின்னாலிருந்தும் போடலாம். அதே 2,40,000 உங்களுக்கு 25 ஆண்டு தாங்க வேண்டும், விலையேற்றம் 3 என்றால் முதல் ஆண்டில் மாதம் 1,080 அளவில்தான் எடுக்கலாம். 4 என்றால் 970. செந்தூலில் வாடகையில்லாத சொந்த வீட்டில் இருப்பவருக்கே அது இழுபறி. 2026 முதல் இபிஎப்பின் புது அளவுகோலில் 60 வயதுக்கு அடிப்படைச் சேமிப்பு 3,90,000, போதுமான சேமிப்பு 6,50,000 என்று வைத்திருக்கிறார்கள். எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். இடைவெளி எவ்வளவு என்று தெரிந்தால்தான் எதை இழுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யலாம்.

இடைவெளியைக் குறைக்க வழிகள் உண்டு. எனக்குப் பிடித்த வரிசையில் சொல்கிறேன். முதலாவது, இரண்டு ஆண்டு கூட வேலை செய்வது, பகுதி நேரமாகவாவது. 2,40,000-ஐத் தொடாமல் விட்டால் 5.5 விழுக்காட்டில் ஓராண்டில் 13,200 சேரும், செலவும் அதிலிருந்து போகாது. ஒரே அடியில் இவ்வளவு தருவது வேறு எதுவும் இல்லை. இரண்டாவது, பிள்ளைகள் போன பிறகு காலியாகக் கிடக்கும் அறையை வாடகைக்கு விடுவது. விலைவாசி ஏறும்போது வாடகையும் ஏறும், அதனால் இது பணவீக்கத்துக்கு நல்ல தடுப்பு. மூன்றாவது, விருப்பச் சந்தா. 58 வயதுக்குப் பிறகு பங்கில் துணிந்து இறங்கி ஈடுகட்டலாம் என்ற யோசனை வந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.

படி 7: மருத்துவக் காப்புறுதிக்குத் தனிக் கணக்கு

மற்ற எல்லாம் 4 விழுக்காடு ஏறினால் மருத்துவம் அதைவிட வேகமாக ஏறுகிறது. வயது ஏற ஏற பிரீமியமும் படி ஏறும். 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, விலையேற்றத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுக்குப் பிரித்துப் போடும்படி காப்புறுதி நிறுவனங்களிடம் சொன்னது. பெரும்பாலானவர்களுக்கு அந்த ஏற்றம் ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 10 என்பதே 7 ஆண்டில் இரண்டு மடங்கு.

ஆகவே படி 6 கணக்கில் பிரீமியத்தைத் தனியாக எழுதி 10 விழுக்காடு ஏற்றுங்கள். 70 வயதில் கட்ட முடியாது என்று தெரிந்தால், இப்போதே முகவரைக் கூப்பிட்டு, முதல் சில ஆயிரத்தை நாமே கட்டிக்கொள்ளும் வகைத் திட்டத்துக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். பிரீமியம் நன்றாகக் குறையும். பழைய பாலிசியைக் கைவிட்டு இன்னொரு நிறுவனத்தில் புதிதாகச் சேருவது மட்டும் வேண்டாம். உள்ள நோயை அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அரசு மருத்துவமனைக் கட்டணம் இன்னும் மிகக் குறைவு. காத்திருக்கத்தான் வேண்டும்.

படி 8: ஆண்டுக்கு ஒரு நாள்

இபிஎப் லாப ஈவு வழக்கமாக பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ அறிவிக்கப்படும். அந்த வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுங்கள். சென்ற ஆண்டுச் செலவைக் கூட்டி, அதற்கு முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு, உங்கள் பணவீக்க எண்ணைத் திருத்துங்கள். லாப ஈவு 6-க்கு மேல் வந்த ஆண்டில் மாதத் தொகையை விலையேற்ற அளவுக்கு உயர்த்தலாம். 5-ஐ ஒட்டி இறங்கினால் அந்த ஆண்டு உயர்த்தாமல் விடுங்கள், ஒரு வெளியூர்ப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். இந்தச் சின்ன ஒழுங்கே பணத்தை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டும். அக்டோபரில் பட்ஜெட் வரும்போது மானியம், வரி, ஐ-சாரான் ஆகியவற்றில் மாற்றம் உண்டா என்று மட்டும் பாருங்கள். ஓபிஆர் மாறினால் வீட்டுத் தவணையையும் எஃப்டி முதிர்வுத் தேதியையும் பாருங்கள். மற்ற நாட்களில் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

எங்கள் பிளாட் அண்ணன் இப்போது ஒரு பள்ளியில் காவலாளி வேலை பார்க்கிறார். அந்தச் சம்பளத்தில் மீண்டும் இபிஎப்பில் கொஞ்சம் சேர்கிறது. போன மார்ச்சில் நோட்டோடு என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, 900 வெள்ளி எடுத்தா எத்தனை வருஷம் ஓடும், பாரு" என்றார். இருவரும் உட்கார்ந்து பெருக்கினோம். 870 என்று முடிவாயிற்று. பக்கத்திலேயே பேனாவால் எழுதிக்கொண்டார்: "அடுத்த மார்ச் பார்க்க."